பாவ்ஃபெங் யூவி-5ஆர் வாக்கி டாக்கி: யார் வாங்கலாம், எப்படிக் கையாள வேண்டும்

பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்னும் கையடக்க வாக்கி டாக்கியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. ஹாம் வானொலி, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் தொடர்பு கொள்வதற்கான உரிமம் பெற்றவருக்கு இது கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும் கருவி. கல்யாண மண்டபத்திலோ கட்டுமானத் தளத்திலோ மலையேற்றத்திலோ ஆட்களை ஒருங்கிணைக்க ஏதாவது ஒரு வாக்கி டாக்கி கிடைத்தால் போதும் என்று தேடுபவருக்கு இது முற்றிலும் பொருந்தாத கருவி. இந்த இரு தரப்பினரிடமும் ஒரே கருவி ஒரே விளம்பர வாசகத்துடன் போய்ச் சேர்கிறது. ஆகவே ஒலித்தரத்தையும் பேட்டரியையும் மட்டும் பேசி முடித்துக்கொள்ளாமல், இதை எப்படிப் பிடிப்பது, எங்கே அணைத்து வைப்பது, எந்தப் பொத்தானிடம் எச்சரிக்கையாக இருப்பது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. நான் ஹாம் உரிமம் வைத்திருப்பவன். தன்னார்வலர்களுக்கு வாக்கி டாக்கி பழக்கிவிடும் வேலையும் அவ்வப்போது என்னிடம் வரும். பாதுகாப்பு பற்றிக் கீழே சொல்வதில் பெரும்பகுதி எந்த நிறுவனத்தின் கையடக்கக் கருவிக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறந்தால் கருவி, 7.4 வோல்ட் லித்தியம் அயனி பேட்டரி, திருகிக் கழற்றக்கூடிய ஆன்டெனா, மேசைமேல் வைக்கும் சார்ஜர், பெல்ட் கிளிப், காதில் மாட்டும் இயர்போன் ஆகியவை இருக்கும். கருவி உள்ளங்கைக்கு அடக்கமானது. திரையில் இரண்டு வரிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அதிர்வெண்ணை வைத்துக்கொள்ளலாம். 128 சேனல்களை நினைவில் வைக்கும். அலைபரப்புத் திறன் 4 வாட், 1 வாட் என இரண்டு நிலைகளில் உண்டு. தலைப்பகுதியில் ஒரு சிறு டார்ச், கூடவே பண்பலை வானொலி. ஒலிபெருக்கி அதன் அளவுக்கு மீறிய சத்தம் போடும். பேருந்து நிலைய இரைச்சலிலும் குரல் கேட்கும். சில ஆயிரம் ரூபாய்க்கு இத்தனையும் கிடைக்கிறது என்பதால்தான் 2012-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த இந்தக் கருவி உலகெங்கும் புதிய ஹாம்களின் முதல் கருவியாகிவிட்டது.

இதன் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் எந்த எண்ணை அழுத்தினாலும், பேசும் பொத்தானைப் பிடித்தவுடன் இது மறுபேச்சில்லாமல் அலைபரப்பிவிடும். இந்தியாவில் ஹாம்களுக்கு அந்த முதல் பட்டையில் 144 முதல் 146 வரையிலும், இரண்டாவதில் 434 முதல் 438 வரையிலும்தான் இடம். எஞ்சிய பரப்பில் காவல்துறை, தீயணைப்பு, ரயில்வே, துறைமுகம், தனியார் உரிமதாரர்கள் என்று வேறு வேறு பயனாளிகள் இருக்கிறார்கள். கடலில் ஆபத்துக்குக் குரல் கொடுக்கும் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. தமிழகக் கடற்கரையின் விசைப்படகுகளில் உள்ள விஎச்எஃப் கருவிகளும் கடலோரக் காவல்படையும் கப்பல்களும் காது வைத்திருக்கும் சேனல் அது. கரையில் ஒருவர் விளையாட்டாக அந்த எண்ணைப் போட்டுப் பாட்டுப் பாடினால், அதே நேரத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கடலில் தத்தளிக்கும் படகின் குரல் அமுங்கிப்போகும். வாக்கி டாக்கியின் பாதுகாப்பு என்றவுடன் நம் உடம்பை மட்டும் நினைப்பது வழக்கம். யூவி-5ஆர் விஷயத்தில் முதல் ஆபத்து பெரும்பாலும் அடுத்தவருக்குத்தான்.

சட்டமும் இதைத்தான் கவனிக்கிறது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமில்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதையே தடைசெய்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. ‘வாங்கி அலமாரியில்தானே வைத்திருக்கிறேன், பேசவில்லையே’ என்பது ஒரு பதிலாகாது. ஹாம் உரிமத்துக்கான தேர்வை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யூபிசி என்ற பிரிவு நடத்துகிறது. பன்னிரண்டு வயது நிரம்பியவர் எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும்தான் பாடம். இந்தக் கருவியின் மீது ஆசை இருப்பவர் அந்தத் தேர்வை எழுதிவிட்டு வாங்குவதே முறை.

‘446-இல் செட் பண்ணித் தந்துவிடுகிறோம் சார், லைசென்ஸ் தேவையில்லை’ என்று கடைக்காரர்கள் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டைக்கு 2018-ஆம் ஆண்டின் விதிகள் உரிம விலக்கு அளித்திருக்கின்றன. ஆனால் அந்த விலக்கு குறைந்த திறன் கொண்ட, அதற்கென வகை ஒப்புதல் (அந்த மாதிரிக் கருவி விதிகளுக்குப் பொருந்துகிறது என்ற அரசுச் சான்று) பெற்ற கருவிகளுக்கு உரியது. ஐரோப்பாவில் இதே பட்டையில் இயங்கும் பொதுமக்கள் கருவிகளின் திறன் அரை வாட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆன்டெனாவைக் கழற்ற முடியாதபடி உடலோடு இணைத்திருக்கிறார்கள். யூவி-5ஆர் கருவியின் தாழ்ந்த நிலையே 1 வாட். ஆன்டெனாவைக் கையால் திருகிக் கழற்றலாம். இரண்டு பொத்தானை அழுத்தினால் வேறு பட்டைக்குப் போய்விடும். எண்ணை மாற்றிவிட்டதால் கருவியின் இனம் மாறிவிடாது. இந்தச் சிக்கல் நம் நாட்டோடு நிற்பதுமில்லை. இதன் ஒரு வகையை விற்ற நிறுவனத்துக்கு 2018-இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அனுப்பிய எச்சரிக்கையிலும், அனுமதிக்கப்பட்ட பட்டைக்கு வெளியே அலைபரப்பும் அதன் ஆற்றல்தான் முதன்மையான குற்றச்சாட்டு.

உரிமம் உள்ளவர் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்தக் கருவிக்குக் கடிவாளம் போடுவது. விசைப்பலகையால் நிரல் எழுதுவது பெரும் தொல்லை. மெனுவில் நாற்பது இனங்கள், ஒவ்வொன்றும் புரியாத சுருக்கெழுத்து. சிர்ப் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, இரட்டைப் பின் செருகி கொண்ட கேபிளால் இணைத்தால் வேலை எளிது. மலிவான கேபிள்களில் போலிச் சில்லுகள் இருப்பதால் கணினி அவற்றை அடையாளம் காணாமல் அடம் பிடிக்கும்; எஃப்டிடிஐ நிறுவனத்தின் அசல் சில்லு உள்ள கேபிளுக்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுப்பது நிம்மதி. கருவியில் உள்ளதை முதலில் பதிவிறக்கி ஒரு நகலைச் சேமித்துவிட்டு, அதன் பிறகே எதையும் மாற்ற வேண்டும். அந்த மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் இரு பட்டைகளுக்கும் கீழெல்லை, மேலெல்லை குறிக்கும் கட்டங்கள் உண்டு. அங்கே 144, 146 என்றும் 434, 438 என்றும் இட்டுவிட்டால், கை தவறி வேறு எண் அழுத்தினாலும் கருவி அலைபரப்பாது. கேட்பதற்கு மட்டுமான சேனல்களில் டூப்ளெக்ஸ் என்ற கட்டத்தில் ‘ஆஃப்’ என்று போட்டால், அந்தச் சேனலில் பேசும் பொத்தான் செயலிழந்துவிடும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் குரல் இறங்கும் 145.800 மெகாஹெர்ட்ஸை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நிலையம் தலைக்கு மேல் போகும் நேரத்தில் பரபரப்பில் யார் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. இவ்வளவு பயனுள்ள ஒரு பூட்டைப் பற்றிக் கருவியோடு வரும் கையேடு ஒரு வரிகூடப் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பொத்தான்களின் அமைப்பில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. சதுரக்கட்டை (#) குறியை நீண்ட நேரம் அழுத்தினால் விசைகள் பூட்டிக்கொள்ளும். ஆனால் பேசும் பொத்தான் பூட்டிக்கொள்ளாது. தோள்பையில் தண்ணீர்ப் புட்டிக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவே கருவியைச் செருகி வைத்தால், பையின் அழுத்தத்திலேயே அது அலைபரப்பிக்கொண்டு இருக்கும். குழுவில் மற்ற யாரும் பேச முடியாது. எல்லாருடைய கருவியிலும் ஒருவருடைய பையின் உரசல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். இதற்கு மருந்து டிஓடி என்ற நேர வரம்பு: மெனுவில் ஒன்பதாவது இனம். 60 நொடி என்று வைத்தால் அதற்கு மேல் தொடர்ச்சியாக அலைபரப்பாமல் கருவி தானே நிறுத்திக்கொள்ளும். 600 நொடி வரை வைக்க முடியும் என்பதற்காக யாரும் வைக்கத் தேவையில்லை. நான்காவது இனமான வாக்ஸ், அதாவது குரல் கேட்டாலே தானாக அலைபரப்பும் வசதி, எப்போதும் அணைந்தே இருக்கட்டும். நம் ஊர்த் தெருக்களில் லாரி ஹாரனும் மேளச் சத்தமும் அதற்குக் குரலாகத்தான் தெரியும்.

பேசும் பொத்தானுக்கு அருகே பக்கவாட்டில் உள்ள அழைப்புப் பொத்தான் இன்னொரு கண்ணி. சட்டென்று தட்டினால் பண்பலை வானொலி பாடும். நீண்ட நேரம் அழுத்தினால் அபாயச் சங்கு ஊதும், டார்ச் கண் சிமிட்டும். மெனுவின் 32-ஆவது இனத்தைப் பொறுத்து அந்தச் சங்கொலி அந்த இடத்தில் மட்டும் கேட்கலாம் அல்லது அலைவரிசை முழுக்கப் போகலாம். ‘சைட்’ என்று வைத்தால் உள்ளூரோடு நிற்கும். இரட்டைக் கண்காணிப்பு என்னும் ஏழாவது இனம் அதைவிடக் குழப்பமானது. திரையில் இரண்டு வரிகள் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஏற்பிதான். அது இரண்டு அதிர்வெண்களையும் மாறி மாறி எட்டிப் பார்க்கிறது. கடைசியாக எந்த வரியில் குரல் வந்ததோ, அந்த வரியிலேயே சிறிது நேரத்துக்கு நம் பேச்சும் போய்விடக்கூடும். புதியவரின் கையில் கொடுக்கும்போது அதை அணைத்துவிட்டு, ஒரே ஒரு சேனலோடு கொடுப்பது நல்லது.

இனி உடம்புக்கு வருவோம். நான்கு வாட் என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். 4ஜி கைப்பேசி அதிகபட்சமாக அனுப்புவது சுமார் கால் வாட்டுக்குள் என்பதோடு ஒப்பிட்டால்தான் அதன் பருமன் விளங்கும். வானொலி அலையால் உடலுக்கு நேரும் விளைவாக ஐயமின்றி நிறுவப்பட்டது திசுக்கள் சூடேறுவது. அப்படிச் சூடேற்றும் ஆற்றலை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கவே எஸ்ஏஆர் என்ற அளவை. பன்னாட்டு வழிகாட்டுதலின்படி பொதுமக்களின் தலைக்கும் உடற்பகுதிக்கும் 10 கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 2 வாட் என்பது வரம்பு. தொழில்முறையில் வாக்கி டாக்கி பயன்படுத்துவோருக்கு வரம்பு இதைவிட உயர்ந்தது. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், கருவியை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் என்ற அனுமானத்தில்தான் அந்தச் சலுகை. பயிற்சியில்லாத ஒருவர் அதே கருவியைக் கையில் எடுக்கும்போது அந்த அனுமானம் உடைந்துபோகிறது.

அந்தப் பயிற்சி ஒன்றும் பெரிய வித்தையல்ல. கருவியை முகத்துக்கு முன்னே நிமிர்த்திப் பிடித்து, வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஓர் அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு, ஆன்டெனாவைக் கண்ணிலிருந்தும் நெற்றியிலிருந்தும் விலக்கிப் பேச வேண்டும். ஆனால் நிகழ்ச்சிகளில் நான் பார்ப்பது வேறு. கைப்பேசி பழகிய இளைஞர் வாக்கி டாக்கியைக் காதோடு சேர்த்து அழுத்திக் கேட்கிறார். அப்படியே வைத்துக்கொண்டு பதிலும் பேசுகிறார். ஆன்டெனா நெற்றிப்பொட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. கண்ணின் லென்ஸில் ரத்த ஓட்டம் இல்லை. சூட்டை எடுத்துச் செல்ல வழியில்லாத அந்த உறுப்புக்குப் பக்கத்தில் 4 வாட் ஆன்டெனாவை வைப்பது நல்லதல்ல. ஓர் அங்குல இடைவெளியால் இன்னொரு லாபமும் உண்டு: வாயோடு ஒட்டிப் பேசினால் மூச்சுக்காற்றால் குரல் உடைந்து எதிர்முனையில் கரகரக்கும். அடுத்த விதி, பேசும் நேரம் மொத்தப் பயன்பாட்டில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது. தொழில்முறைக் கருவிகளின் கையேடுகளில் உள்ள இந்த 50 சதவீதக் கணக்கை வைத்துத்தான் அவற்றின் பாதுகாப்புச் சோதனையே நடக்கிறது. கேட்கும்போது கருவி அலையை அனுப்புவதில்லை என்பதால், ஒழுங்காகப் பேசிப் பழகியவர் இந்த வரம்பைத் தொடுவதே அரிது.

1 வாட்டில் எட்டும் இடத்துக்கு 4 வாட்டில் பேச வேண்டியதில்லை. மெனுவின் இரண்டாவது இனத்தில் திறனைக் குறைத்துவிட்டால் உடலுக்குப் போவதும் குறையும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். ஆன்டெனாவின் மேலுறை கிழிந்து உள்கம்பி தெரிந்தால், அலைபரப்பும்போது தோலில் பட்டுச் சுடும். அதைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டுவது தீர்வல்ல, மாற்றிவிட வேண்டும். ஆன்டெனாவைக் கைப்பிடி போலப் பிடித்துக் கருவியைத் தொங்கவிட்டு நடப்பவர்களும் உண்டு. திருகு தளர்ந்து, ஆன்டெனா சரியாகப் பொருந்தாத நிலையில் அலைபரப்பினால், வெளியேற வழியில்லாத ஆற்றல் உள்ளேயே திரும்பி வந்து கருவியின் இறுதிநிலை டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் இந்தக் கருவியைச் சட்டைப் பையில் வைக்கவே கூடாது. 15 சென்டிமீட்டர் இடைவெளி என்பது பொதுவான அறிவுரை. 3 வாட்டுக்கு மேற்பட்ட வாக்கி டாக்கிகளுக்கு 30 சென்டிமீட்டர் என்று பேஸ்மேக்கர் உற்பத்தியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். 4 வாட் கருவி இரண்டாவது வகையில் சேரும். பொருத்தியிருக்கும் கருவியின் வகையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி. மருத்துவமனைக்குள், குறிப்பாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில், மருந்து செலுத்தும் பம்பும் வெண்டிலேட்டரும் இயங்கும் இடத்தில், அலைபரப்பக் கூடாது. வெள்ள நிவாரண நேரத்தில் மருத்துவமனை வாசலில் நிற்கும் தன்னார்வலர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பேட்டரி 1800 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவு கொண்டது. விட்டு விட்டுப் பேசினால் ஒரு முழு நாள் தாராளமாக ஓடும். பேசிக்கொண்டே இருந்தால் பிற்பகலிலேயே களைத்துவிடும். கருவியோடு தரும் மின் அடாப்டர்தான் என் கண்ணில் பலவீனமான கண்ணி. நம் ஊர் பிளக்குக்குப் பொருந்தாத தட்டை முனையோடு வரும், மாற்று முனை ஒன்றைச் செருகிக் கொடுப்பார்கள், அது ஆடிக்கொண்டே இருக்கும். பிஐஎஸ் என்னும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் அச்சிட்ட அடாப்டரும் பேட்டரியும் கிடைக்கும்போது இதை நம்பி இரவு முழுக்க விட்டுவைப்பது வீண் துணிச்சல். சிவப்பு விளக்கு பச்சையானதும் எடுத்துவிடலாம். லித்தியம் அயனி பேட்டரியைச் சுழியம் முதல் 45 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் வெளியே நிறுத்திய காரின் முகப்புப் பலகை அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். அங்கே வைத்து சார்ஜ் போடுவதும், காற்றுப்பை விரியும் இடத்தில் கருவியை வைப்பதும் இரட்டைத் தவறு. மாற்றுப் பேட்டரியைச் சில்லறைக் காசும் சாவிக்கொத்தும் கிடக்கும் பையில் போட்டால், வெளியே தெரியும் உலோக முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டு கொதிக்கத் தொடங்கும். விலாப் பக்கம் உப்பிய பேட்டரி, கருவியில் மாட்டும்போது வழக்கம்போல ‘க்ளிக்’ என்று விழாமல் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும். அப்போதே அதை ஒதுக்கிவிட வேண்டும், அழுத்தி மாட்டிப் பார்க்கக்கூடாது.

வெடிக்கும் சூழல் உள்ள இடங்களில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. பெட்ரோல் சேமிப்புக் கிடங்கு, எரிவாயு நிரப்பும் நிலையம், பெயின்ட் தின்னர் ஆவி நிறைந்த அறை, மாவுத்தூசி பறக்கும் ஆலை என இவற்றில் எதிலும் ஒரு சிறு பொறி போதும். பேட்டரியைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் முனையில் அந்தப் பொறி தோன்றலாம். இதற்கெனவே உள்ளார்ந்த பாதுகாப்பு கொண்ட கருவிகள் தனியாக இருக்கின்றன. சாதாரண நிலையிலும் பழுதான நிலையிலும் தீப்பற்ற வைக்கும் அளவுக்கு ஆற்றல் வெளிவராதபடி அவற்றின் மின்சுற்று வடிவமைக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவில் அட்டெக்ஸ், பன்னாட்டு அளவில் ஐஇசிஇஎக்ஸ் என்று சான்று பெறுவார்கள். இந்தியாவில் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்னும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அத்தகைய கருவிகளின் விலை யூவி-5ஆர் விலையைப் போல் பல மடங்கு. அவற்றில்கூட பேட்டரியை அபாயப் பகுதிக்குள் கழற்றக்கூடாது. சான்று பெற்ற பேட்டரிக்குப் பதிலாகச் சந்தையில் கிடைத்ததை மாட்டினால் சான்று அந்த நொடியே செல்லாததாகிவிடும். யூவி-5ஆர் கருவிக்கு இத்தகைய சான்று எதுவும் கிடையாது. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைக்குள் காவலாளியின் இடுப்பில் இதைத் தொங்கவிட நினைப்பவர் அந்த எண்ணத்தை அங்கேயே கைவிட்டுவிட வேண்டும்.

கல்குவாரி இன்னொரு வகை. அங்கே பொறி மட்டுமல்ல, வானொலி அலையும்கூட ஆபத்து. வெடிமருந்தை மின்னோட்டத்தால் வெடிக்கத் தூண்டும் மின் டெட்டனேட்டரின் கம்பிகள் தரையில் விரிந்து கிடக்கும்போது அவையே ஓர் ஆன்டெனாவாகி, பக்கத்தில் அலைபரப்பும் வாக்கி டாக்கியின் ஆற்றலை வாங்கிக்கொள்ளக்கூடும். போதிய மின்னோட்டம் சேர்ந்துவிட்டால் யாரும் விசையைத் தொடாமலேயே வெடிக்கும். மின் டெட்டனேட்டர்களை இந்தியா விலக்கி வருகிறது என்றாலும், வெடிவைப்புப் பகுதியில் இருவழி வானொலியை அணைத்துவிடும்படி எழுதிய பலகை இருந்தால் அதன் பொருள் முழுவதுமாக அணைப்பதுதான். ஒலியை மட்டும் குறைத்துவிட்டு இடுப்பில் வைத்திருந்தால், மேலே சொன்ன அந்தப் பூட்டாத பொத்தான் எப்போது அழுந்தும் என்று யாருக்கும் தெரியாது.

பேசும் முறையும் பாதுகாப்பைச் சேர்ந்ததுதான். பொத்தானை அழுத்தி அரை நொடி கழித்தே பேசத் தொடங்க வேண்டும். முடித்த பிறகு ஒரு கணம் பொறுத்தே கையை எடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் அசையும் கடைசி அசையும் வெட்டுப்படும். தமிழில் மறுப்பு வினைச்சொல்லின் வாலில் வருவதால் இது வெறும் நாகரிகப் பிரச்சினையாக நிற்பதில்லை. கிரேன் இயக்குபவரிடம் ‘இறக்காதீங்க’ என்று சொல்லும்போது வால் அறுந்துபோனால், இரைச்சலுக்கு நடுவே அவர் காதில் விழுவது ‘இறக்க’ என்பதாக இருக்கலாம். ஆகவே தளத்தில் நிறுத்தச் சொல்வதற்கு ‘நில்லு, நில்லு, நில்லு’ என்று ஒரே சொல்லை மும்முறை சொல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்முனை அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் செய்தி சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். பேச்சோடு சேர்ந்து போகும் சிடிசிஎஸ்எஸ் என்ற தொனியை வைத்துவிட்டால் நம் பேச்சு இரகசியமாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மற்றவர் பேச்சு நம் காதில் விழாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. நம் பேச்சு எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. பெயர், வீட்டு முகவரி, பணம் எடுத்துச் செல்லும் நேரம் ஆகியவற்றை வாக்கி டாக்கியில் சொல்லக்கூடாது.

தூரத்தைப் பற்றிய விளம்பரங்களை நம்பி மலையேறுபவர்களுக்கு ஒரு கணக்கு. தரையில் நிற்கும் ஒருவரின் வாய் உயரத்திலிருந்து வானொலித் தொடுவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். இருவரும் சமதரையில் நின்றால் தடையற்ற வெளியிலேயே 10 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கட்டடங்கள் நெருங்கிய ஊருக்குள் ஓரிரு கிலோமீட்டரே மிச்சம். அதே கருவி ஏற்காட்டின் விளிம்பில் நின்றால் சேலத்தைத் தாண்டி வெகுதொலைவு பேசும், ஏனென்றால் அங்கே உயரம்தான் வேலை செய்கிறது, வாட் அல்ல. மலையின் மறுபக்கப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் ஒரு கிலோமீட்டர்கூட எட்டாமல் போகலாம். உதவிக்கு இதை மட்டுமே நம்பி காட்டுக்குள் போவது விவேகமல்ல. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, ஹாம் பயணமாக அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்தோடு தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள் என்பது ஹாம்களிடையே பெருமையோடு பேசப்படுவது. கடல் கடந்த அந்தத் தொடர்பு சிற்றலைக் கருவிகளின் வேலை. இடுப்பில் செருகும் வாக்கி டாக்கியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கருவியின் ஏற்புத் திறன் விலைக்கு மிக நன்று. ஆனால் சென்னை போன்ற நகரத்தில், பக்கத்தில் வலுவான கோபுரம் ஒன்று இருந்தால் காது அடைத்துப்போய்ப் பலவீனமான குரலை விட்டுவிடும். ஒற்றைச் சில்லில் முழு வானொலியையும் அடக்கியதன் விலை அது. அலைபரப்பிலும் தூய்மை தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது 290-இலும் 435-இலும் அதன் மடங்குகள் வரம்பை மீறிக் கசிவதாக அமெரிக்க ஹாம் சங்கத்தின் ஆய்வகச் சோதனைகளிலேயே பல கருவிகள் சிக்கியிருக்கின்றன. அளவிடும் கருவி கைவசம் உள்ள ஹாம் நண்பரிடம் கொடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. வெளியே பெரிய ஆன்டெனாவோடு இணைக்கும் எண்ணம் இருந்தால் இது கட்டாயம். அப்படி மாடியில் ஆன்டெனா கட்டியவர்கள் இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். மழை நனைவதைத் தாங்கும் கருவியும் இதுவல்ல. ஐப்பசி அடைமழையில் பாலித்தீன் உறைக்குள்தான் இதற்கு வாழ்க்கை.

உரிமம் எடுக்கும் எண்ணம் இல்லாத நிகழ்ச்சி அமைப்பாளர்களும் குடியிருப்புச் சங்கங்களும் 446 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கென்றே செய்யப்பட்ட, வகை ஒப்புதல் பெற்ற, அரை வாட் அளவிலான கருவிகளைத்தான் பார்க்க வேண்டும். மண்டபத்துக்கும் அடுக்ககத்துக்கும் அது தாராளம். இணையக் கடைகளில் வாக்கி டாக்கி விற்பது பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. அதன்படி கருவி எந்த அதிர்வெண்ணில் இயங்குகிறது என்பதையும் அதற்கு வகை ஒப்புதல் உண்டா என்பதையும் விற்பனைப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். ‘உரிமம் தேவையில்லை, 10 கிலோமீட்டர் பேசும், 5 வாட்’ என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டிருக்கும் பக்கத்தை அந்த இடத்திலேயே மூடிவிடலாம். அதிர்வெண்ணும் ஒப்புதல் எண்ணும் தெளிவாக இருந்தால், கருவி வந்ததும் முதுகுப்புறத்து ஒட்டுத்தாளில் உள்ள மாதிரி எண் ஒப்புதல் சான்றில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பேட்டரியின் மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளைக் கிழிக்கலாம். கிழித்த பிறகு பல விற்பனையாளர்கள் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.